எட்டு நாள் பழக்கத்தில் ஒரு கல்யாணப் படம்: சங்கரன்கோவில் போய்வந்த விவரம்

போன ஆவணியில், ஊரெல்லாம் கல்யாணமாக இருந்த ஒரு முகூர்த்த நாளில் சங்கரன்கோவிலுக்குப் போய்வந்தேன். என் மகள் வயிற்றுப் பேத்தி கோமதிக்கு அன்று கல்யாணம். அதைப் படம் எடுக்கிற பொறுப்பு என் தலையில் விழுந்திருந்தது. அதற்கு எட்டு நாள் முன்புவரை நான் போனில் எடுத்த படங்களில் ஆள் இருந்தால் தலை இருக்காது, தலை இருந்தால் முகம் தெரியாது. புதிதாகப் படம் எடுக்கப் பழகுகிறவர்கள் கொஞ்ச நாளிலேயே ஸ்டூடியோக்காரர் தரத்துக்கு எடுத்துவிட முடியுமா என்று இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்களில் இரண்டு மூன்று பேர் கேட்டிருந்தீர்கள். எனக்கு நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

ஸ்டூடியோக்காரரை ஏன் வைக்கவில்லை என்பதை முதலில் சொல்ல வேண்டும். கோமதியின் அப்பா, அதாவது என் மருமகன், கல்யாண வீடுகளுக்குப் பந்தல், நாற்காலி, மைக்செட் வாடகைக்கு விடுகிறவர். சங்கரன்கோவில், திருவேங்கடம், கரிவலம்வந்தநல்லூர் சுற்றுவட்டாரத்தில் கல்யாணப் படம் எடுக்கிற ஒருவர் பாக்கியில்லாமல் எல்லோரும் அவருக்குப் பழக்கம். கோமதிக்கு இருபத்தாறு வயது, நர்ஸ் வேலை பார்க்கிறாள். அவள் கட்டிக்கொள்ள நினைத்த இசக்கி டிராக்டர் மெக்கானிக். ஒழுக்கமான பையன், ஆனால் வேறு சாதி ஆட்கள். அவள் அப்பாவிடம் மூன்று தடவை கேட்டாள். மூன்று தடவையும் நான் பக்கத்தில் இருந்தேன். இரண்டாவது தடவை அவர் டிவி சத்தத்தைக்கூடக் குறைக்கவில்லை, அதை நான் மறக்கவில்லை. மூன்றாவது தடவை, “ஊருக்கெல்லாம் பந்தல் போடுதவன் வீட்டுக் கல்யாணம் எப்படி நடக்கணும்னு எனக்குத் தெரியும்” என்று சொல்லிவிட்டு, வேறு இடத்தில் நிச்சயத்துக்கு நாள் குறித்துவிட்டார்.

அதனால் பிள்ளைகள் தாங்களாகவே கல்யாணத்தை முடித்துக்கொள்வது என்று முடிவெடுத்தார்கள். எந்த ஸ்டூடியோவில் சொன்னாலும் அரை மணி நேரத்தில் மருமகன் காதுக்குப் போய்விடும். இசக்கியின் சேக்காளிப் பையன்களிடம் போனைக் கொடுத்தால் தாலி ஏறும் முன்பே ஸ்டேட்டஸில் வந்துவிடும். என் மகளிடம் சொன்னால் அவள் முகமே காட்டிக்கொடுத்துவிடும். மிச்சம் இருந்தது நான்.

கோமதி என்னிடம் கேட்டது ஒரே ஒரு படம். “ஆச்சி, பேப்பர்ல போடுவாங்கல்லா, போலீஸ் ஸ்டேஷன் வாசல்ல மாலையும் கழுத்துமா முழிச்சுக்கிட்டு நிப்பாங்களே, அப்படி ஒரு படம் எனக்கு வேண்டாம். அப்பா என்னைக்காவது பாத்தா, களவாண்டுட்டுப் போனவ மாதிரி இருக்கக் கூடாது. கல்யாணப் பொண்ணு மாதிரி இருக்கணும்” என்றாள். அந்த ஒரு படத்துக்காகத்தான் இந்தப் பயணம்.

எனக்கும் ஒரு கணக்கு பாக்கி இருந்தது. என் மகள் கல்யாணத்தில் படம் எடுக்க வந்தவர், மாப்பிள்ளை தாலியைக் கழுத்துக்குக் கொண்டுபோன நேரத்தில் பிலிம் சுருளை மாற்றிக்கொண்டிருந்தார். கெட்டிமேளம் முழங்கி முடிந்தபிறகு மாப்பிள்ளை கையைப் பிடித்து, கட்டிய தாலியை மறுபடி பிடித்துக் கட்டுவதுபோல நிற்கச் சொல்லி எடுத்தார். ஊதாக் கட்டம் போட்ட சட்டை போட்டிருந்தார், பந்தியில் மூன்று வடை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். முப்பது வருஷமாக அந்தப் படம் மகள் வீட்டுச் சுவரில் தொங்குகிறது. அது பொய்ப்படம் என்று பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

இனி எட்டு நாள் படிப்பு. ‘ஏழே நாளில்’ என்று சொல்கிற வீடியோக்கள் போனில் நிறைய இருக்கின்றன. நான் அஞ்சாங்கிளாஸ் வரைக்கும் போனவள், அவர்கள் சொல்கிற வார்த்தை பாதி எனக்கு ஏறவில்லை. ஏறினதை மட்டும் வைத்துக்கொண்டேன். லென்ஸைச் சேலை முந்தானையால் துடைக்காமல் சுத்தமான பருத்தித் துணியால் துடைக்க வேண்டும். முழங்கை இரண்டையும் விலாவோடு ஒட்டிக்கொண்டு, மூச்சைப் பிடித்து அழுத்த வேண்டும். திரையில் முகத்தைத் தொட்டு, வெளிச்சத்தைக் கொஞ்சம் கீழே இறக்க வேண்டும். பொத்தானை அழுத்தியே பிடித்தால் வரிசையாகப் பத்துப் பதினைந்து படம் விழும், அதில் ஒன்று தேறும்.

பக்கத்து வீட்டு முருகாத்தாள் வத்தல் காயப்போடும்போது தினமும் எடுத்துப் பழகினேன். முதல் மூன்று நாளும் அவள் முகம் கரிக்கட்டையாக விழுந்தது. நாலாவது நாள்தான் கோளாறு பிடிபட்டது. நான் எப்போதும் சூரியனைப் பார்த்து நின்று எடுத்திருக்கிறேன். சூரியன் அவள் முகத்தைப் பார்க்கிற மாதிரி நான் இடம் மாறினதும் அவள் பத்து வயது குறைந்து தெரிந்தாள். “எனக்கு இப்படி ஒரு மூஞ்சி இருக்கா?” என்று கேட்டாள். எட்டு நாளில் நான் கற்றதில் பெரியது அதுதான்: போன் எங்கே இருக்கிறது என்பதைவிட வெளிச்சம் எங்கே இருக்கிறது என்று பார்ப்பது.

ஐந்தாவது நாள், திங்கட்கிழமை, இடம் பார்க்க ஒரு தடவை போனேன். எங்கள் ஊரிலிருந்து சிவகிரி நான்கு கிலோமீட்டர், மினி பஸ். சிவகிரியிலிருந்து சங்கரன்கோவில் சுமார் 22 கிலோமீட்டர், காலையில் 50 நிமிடம் பிடிக்கும். டவுன் பஸ் கிடைத்தால் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. மற்ற பஸ்ஸில் எனக்கு 25 ரூபாய் ஆனது. கல்யாணத்துக்கு அவர்கள் பேசியிருந்தது பெரிய கோவிலில் இல்லை, ரத வீதிக்குப் பின்னால் சந்துக்குள் இருக்கிற சின்னப் பிள்ளையார் கோவிலில். நான் காலை 6.20க்கே போய் உட்கார்ந்துவிட்டேன். உள்ளே கும்மிருட்டு, ஒரு டியூப்லைட். அந்த வெளிச்சத்தில் மஞ்சள் பூசிய முகமும் சோகை பிடித்ததுபோல விழும். 6.55க்கு எதிர்வீட்டு மாடியைத் தாண்டி வெயில் வாசல் வழியாக உள்ளே வந்தது. பிள்ளையாருக்கு முன்னால் பொண்ணு மாப்பிள்ளை உட்காருகிற இடத்தில் சரியாக விழுந்தது. 7.20க்கு வாசல் தூணுக்குப் பின்னால் போய்விட்டது. ஆக இருபத்தைந்து நிமிடம். முகூர்த்த நாளில் அங்கே அடுத்தடுத்து மூன்று கல்யாணம் என்று பூசாரி சொன்னார். ஏழு மணிக்கு வருகிற இரண்டாவதை எங்களுக்குத் தரச்சொல்லி வாங்கிக்கொண்டேன்.

கல்யாணத்தன்று அதிகாலை 4.50க்கு ஊரில் பஸ் ஏறி, 5.55க்கு சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டில் இறங்கினேன். மருமகனுக்கு அன்று திருவேங்கடத்தில் இரண்டு பந்தல் வேலை, அதைத் தெரிந்துதான் நாள் வைத்திருந்தோம். நான் நூல்சேலைதான் கட்டியிருந்தேன், பட்டுச்சேலை கட்டினால் பார்க்கிறவர்கள் கேட்பார்கள். ஆனாலும் ஆட்டோக்காரர் கண்ணாடியில் என்னைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

“காலங்காத்தால எங்க ஆச்சி, கல்யாண வீட்டுக்கா?”

“ஆஸ்பத்திரிக்கு. கண்ணு காட்டணும்.”

“கண்ணாஸ்பத்திரிக்குத் தலை நெறைய மல்லிப்பூவோட போறது நீங்க ஒருத்திதான்” என்றார். 60 ரூபாய் கேட்டார், கொடுத்துவிட்டு ஒரு தெரு முன்னாலேயே இறங்கி நடந்தேன். அவர் யாருக்கும் சொல்லியிருக்க மாட்டார், ஆனாலும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனேன்.

கோமதி கோவிலுக்குப் பின்னால் ஒரு வீட்டில் சேலை மாற்றிக்கொண்டு தயாராக இருந்தாள். அரக்குப் பட்டு, தன் சம்பளத்தில் எடுத்தது. இசக்கியோடு அவன் அம்மாவும் தங்கச்சி பேச்சியும் வந்திருந்தார்கள். ஆறே பேர்தான், மேளம் இல்லை. முதல் கல்யாணக்காரர்களுக்கு மாமன் இன்னும் வரவில்லை என்று இழுத்துக்கொண்டே போனது. 6.55க்கு வெயில் உள்ளே வந்தது. 7.00. 7.05. யாரோ ஒரு பொண்ணு முகத்தில் என் வெளிச்சம் வீணாய்ப் போய்க்கொண்டிருந்தது. 7.11க்குத்தான் அவர்கள் எழுந்தார்கள். அடுத்தது நாங்கள்.

அப்போது மூன்றாவது கல்யாண வீட்டார் சந்துக்குள் வந்து நின்றார்கள். அவர்களோடு கேமராவைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு படம் எடுக்கிறவர் ஒருவர். முடி நரைத்திருந்தது, தொப்பை போட்டிருந்தது. எனக்கு அடையாளம் கண்டுபிடிக்க ஒரு நொடி ஆகவில்லை. என் மகள் கல்யாணத்துக்கு வந்த அதே ஸ்டூடியோக்காரர். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வாசல் தூணோடு ஒண்டிக்கொண்டேன். நேராக நின்றால் என் நிழல் பொண்ணு முகத்தில் விழும், தூணோரம் நின்றால் விழாது. அதோடு அவருக்கு என் முதுகுதான் தெரியும்.

பூசாரி அவசரப்படுத்தினார். மாலை மாற்றினார்கள். 7.15. இசக்கி தாலியைக் கையில் வாங்கினான். நான் முழங்கையை ஒட்டிக்கொண்டு, மூச்சைப் பிடித்து, பொத்தானில் விரலை வைத்தேன். பூசாரி மணியை அடித்துத் தலையசைத்தார்.

அந்த இடத்தில்தான் தப்பு செய்தேன். எங்கள் பக்கம் தாலி ஏறும்போது மூத்த பொம்பிளை குலவை எடுக்க வேண்டும். ஐம்பது வருஷமாக எங்கள் சொந்தத்தில் ஒரு கல்யாணத்துக்கு நான் குலவையிடாமல் தாலி ஏறினதில்லை. மணிச்சத்தம் கேட்டதும் நாக்கு தானாகப் புரண்டுவிட்டது. குலவையிட்டால் உடம்பு முழுவதும் அதிரும், கை மட்டும் எப்படி நிற்கும்? பதினான்கு படம் விழுந்தது, பதினான்கும் தண்ணீரில் கலைந்த கோலம்போல. எட்டு நாள் படிப்பில் மூச்சு, முழங்கை, வெளிச்சம் எல்லாம் யோசித்தேன், குலவையை யோசிக்கவில்லை. வீடியோக்காரர்களும் சொல்லவில்லை, அவர்கள் வீட்டில் அது இல்லைபோல.

அதைவிட மோசம், சத்தம் கேட்டு ஸ்டூடியோக்காரர் திரும்பிவிட்டார். ஒரு எட்டு முன்னால் வைத்து என்னைப் பார்த்தார், பிறகு கோமதியைப் பார்த்தார். “ஆச்சி, இது நம்ம பந்தல்காரர் மகள்லா?” என்றார். நான் முக்காட்டை இன்னும் இழுத்துக்கொண்டேன். அவர் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்துக்கொண்டு சந்துமுனைக்கு நடந்தார்.

கோமதியும் அதைப் பார்த்துவிட்டாள். அவள் முகம் வெளுத்துப்போனது. எந்த முகம் வேண்டாம் என்று என்னிடம் கேட்டாளோ, அதே முகம். 7.17. வெயில் அவள் தோள்வரை நகர்ந்துவிட்டது. அவரைத் துரத்திப் போய் இரண்டு வார்த்தை கேட்கலாமா என்று கால் பரபரத்தது. முப்பது வருஷத்துப் பாக்கியையும் சேர்த்துக் கேட்டிருப்பேன். அதோடு இன்னொரு யோசனையும் வந்தது. இசக்கியிடம் தாலியை மறுபடி பிடித்துக் காட்டச் சொல்லி எடுத்துவிட்டால் என்ன? நான் எதற்காக அந்த மனிதரைத் திட்டிக்கொண்டிருந்தேனோ அதையே செய்ய எனக்கும் தோன்றியது என்பதை மறைக்க விரும்பவில்லை.

இரண்டையும் செய்யவில்லை. ஏனென்றால் மாப்பிள்ளை போடுவது முதல் முடிச்சு மட்டும்தான். மற்ற இரண்டும் நாத்தனார் போட வேண்டியது. பேச்சி அப்போதுதான் அண்ணன் கையிலிருந்து நூலை வாங்கிக்கொண்டு கோமதிக்குப் பின்னால் மண்டிபோட்டாள். ஆடு மாடு வைத்திருக்கிற வீடு அவர்களுடையது.

“மதினி, தலையக் கொஞ்சம் குனிங்க. எனக்கு மாட்டுக்குப் போடுத முடிச்சுதான் தெரியும்” என்றாள். “இனிமே நீங்களா அவுத்துக்கிட்டு ஓட முடியாது, பாத்துக்கிடுங்க.”

கோமதிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. குனிந்தவள் தலையைச் சாய்த்து, பேச்சியைப் பார்க்கத் திரும்பினாள். மீதியிருந்த வெயில் அத்தனையும் அவள் கன்னத்தில் விழுந்தது. நான் நாக்கைப் பல்லுக்கிடையில் கடித்துக்கொண்டு அழுத்தினேன். ஒன்பது படம். ஆறாவது படத்தைத்தான் பிறகு எடுத்துவைத்தோம்: சிரிக்கிற பொண்ணு, பல்லைக் கடித்துக்கொண்டு முடிச்சுப் போடுகிற நாத்தனார், பக்கத்தில் என்ன செய்வதென்று தெரியாமல் மாலையைப் பிடித்திருக்கிற மாப்பிள்ளை.

7.25க்கு இசக்கியின் அம்மா பிள்ளைகளை ஒரு காரில் ஏற்றித் திருநெல்வேலிப் பக்கம் கூட்டிப்போய்விட்டார். பதிவு செய்கிற வேலையை எல்லாம் அவர்களே பார்த்துக்கொண்டார்கள். மருமகன் திருவேங்கடத்திலிருந்து பைக்கில் வந்து சேர்ந்தபோது மணி எட்டே கால், அந்தக் கோவிலில் மூன்றாவது கல்யாணமே முடிந்துவிட்டது. நான் அதற்குள் பெரிய கோவிலில் போய் உட்கார்ந்துவிட்டேன். அங்கே பிரசாதமாகக் கொடுக்கிற புற்றுமண்ணை வாங்கி நெற்றியில் இட்டுக்கொண்டேன். அன்று சாமியிடம் என்ன கேட்டேன் என்று இப்போது ஞாபகமில்லை. எனக்கு ஞாபகமில்லாதது அபூர்வம், அதனால் சொல்கிறேன்.

அன்று சாயங்காலம் கோமதி அந்தப் படத்தை, ஒரு வார்த்தையும் எழுதாமல், அப்பாவுக்கு அனுப்பினாள். அவர் பார்த்துவிட்டார். மறுநாள் காலை நேராக அந்த ஸ்டூடியோக்காரர் கடைக்குப் போயிருக்கிறார். “எனக்குத் தகவல் சொல்வதுபோலச் சொல்லிவிட்டு, நீயேதான் கூலி வாங்கிப் படமும் எடுத்திருக்கிறாய்” என்று கடைவாசலில் வைத்து அவரைச் சத்தம் போட்டிருக்கிறார். அந்த மனிதர் பிள்ளையார்மேல் சத்தியம் செய்தும் நம்பவில்லையாம். இதைக் கேட்டதும் எனக்கு ரொம்ப நாளைக்குப் பிறகு மனசு குளிர்ந்தது.

அடுத்த நாள் என் வீட்டுக்கே வந்தார். வாசலில் நின்றபடி, “வேற எதுவும் நான் கேக்கல. எந்த ஸ்டூடியோக்காரன் எடுத்தான்னு மட்டும் சொல்லுங்க அத்தை” என்றார்.

“நாந்தான் எடுத்தேன் மாப்பிள்ளை.”

“ஆயிரம் கல்யாணம் பாத்தவன் நான். இது போன்ல எடுத்த படமா? வெளையாடாதீங்க.”

வாதாடிப் பயனில்லை. வாசலோரம் ஒரு நாற்காலியைப் பக்கவாட்டில் போட்டு உட்காரச் சொன்னேன். கையைக் கட்டிக்கொண்டு விறைப்பாக உட்கார்ந்தார். நான் எடுக்கவில்லை. போனைப் பிடித்தபடி காத்திருந்தேன், கால் மணி நேரம் இருக்கும். அவருக்கு விறைப்பு அலுத்துவிட்டது. தெருவைப் பார்த்துக்கொண்டே, “அந்த அரக்குச் சேலை யாரு எடுத்துக் குடுத்தது?” என்று கேட்டார். “அவளே எடுத்தது, அவ சம்பளத்துல” என்றேன். கட்டியிருந்த கையை அவிழ்த்து மடியில் போட்டார். அப்போது அழுத்தினேன்.

காட்டினேன். இரண்டு விரலால் தன் முகத்தைப் பெரிதாக்கி, கண்ணுக்குக் கீழே, கன்னத்தில், நகர்த்தி நகர்த்திப் பார்த்தார். போனைத் திருப்பிக் கொடுக்கும்போது குரல் இறங்கியிருந்தது. “இத அவளுக்கு அனுப்பிராதீங்க அத்தை” என்று சொல்லிவிட்டு, காப்பி குடிக்காமல் போய்விட்டார்.

நீங்கள் கேட்டதற்கு என் பதில்: எட்டு நாளில் ஸ்டூடியோக்காரர் ஆக முடியாது. அன்று மொத்தம் எடுத்தது 61 படம், பிறருக்குக் காட்டக்கூடியது இரண்டு. மழைக்கால இருட்டிலோ, ராத்திரி ரிசப்ஷனிலோ என்னை நிறுத்தினால் ஒன்றுகூடத் தேறாது. அவர்கள் எந்த வெளிச்சத்திலும் எடுக்கிறார்கள், அதற்குத்தான் வருஷக்கணக்கில் பழக்கம். ஆனால் எடுக்கப்போகிற இடமும் நேரமும் உங்களுக்கு முன்கூட்டித் தெரியும் என்றால், அந்த ஒரு இடத்துக்கு, அந்த அரை மணி நேரத்துக்குப் பழகிக்கொள்ள எட்டு நாள் போதும். கட்டாயம் ஒருமுறை அதே நேரத்துக்குப் போய் வெயிலைப் பார்த்துவிட்டு வாருங்கள். கூட வருகிறவர்களுக்கு நீங்கள் குலவையிட மாட்டீர்கள் என்று முன்னாலேயே சொல்லி, வேறு ஆளை ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். முகூர்த்த நாளில் சங்கரன்கோவிலில் ஆறு மணிக்கு மேல் ஆட்டோ கிடைப்பது சிரமம். பஸ் ஸ்டாண்டிலிருந்து ரத வீதி நடக்கிற தூரம்தான். பெரிய கோவிலுக்குள் போன், கேமரா கொண்டுபோகலாமா என்பதை வாசலில் கேட்டுக்கொண்டு போங்கள்.

மருமகன் படத்தை அனுப்பாமல் ஒரு வாரம் பொறுத்தேன். அதற்குமேல் முடியவில்லை, அனுப்பிவிட்டேன். கோமதி உடனே கூப்பிட்டாள். “அப்பா ரொம்ப மெலிஞ்சிருக்காங்க ஆச்சி. பிரஷர் மாத்திரை ஒழுங்காப் போடுதாங்களான்னு கேளுங்க” என்றாள். கேட்டு அவருக்கு எழுதினேன், அவள் கேட்கச் சொன்னாள் என்றும் எழுதினேன். மூன்றாம் நாள் ஒரு படம் வந்தது. மாத்திரை அட்டையைத் தானே எடுத்து அனுப்பியிருந்தார். டியூப்லைட் வெளிச்சம் அட்டைமேல் பளிச்சென்று அடித்து, கை ஆடி, எழுத்து ஒன்றும் படிக்க முடியவில்லை. நான்கு மாத்திரை காலியாகியிருந்தது மட்டும் தெரிந்தது. அதை அப்படியே கோமதிக்கு அனுப்பிவைத்தேன்.